மெதுவாக ஓட வைப்பதா, மூச்சு முட்ட ஓட வைப்பதா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில், நான் ஓட்டம் பழக்கும் எங்கள் திடலுக்குப் பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள். ஏழு பேர் தோட்டத்து லயங்களிலிருந்து, நான்கு பேர் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளிலிருந்து. எல்லாரும் இடைநிலைப்பள்ளி மாணவர்கள். குறுக்கோட்டத்திலும் நெடுந்தூர ஓட்டத்திலும் ஆசை உள்ளவர்கள். பள்ளி காலை ஏழரைக்கே தொடங்கிவிடுகிறது. இங்கே சூரியன் உதிப்பதே ஏழு மணிக்கு மேல்தான். ஆகவே வார நாள்களில் மாலை ஐந்தரைக்குத்தான் ஓட முடியும். ஞாயிறு மட்டும் காலையில். வாரத்துக்கு நான்கு நாள், எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரம். அதிலும் இடி இடித்தால் திடலை விட்டு ஓடிவிட வேண்டும். இந்த நான்கு மணி நேரத்தை எப்படிச் செலவு செய்வது?

போன மாதம் பெற்றோருடன் உட்கார்ந்து பேசியபோது மூன்று யோசனைகள் வந்தன. ஈப்போவில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை செய்யும் அப்பா ஒருவர், "இருபது நிமிடம் போதும் சார், உயிரைக் கொடுத்து ஓடட்டும். தபாட்டா முறை" என்றார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் அண்ணன் ஒருவர் நார்வேக்காரர்களைக் காட்டினார். அவர்கள் ஒரே நாளில் இரண்டு வேளை நடுத்தரக் கடினத்தில் ஓடி உலகப் பதக்கங்களை அள்ளுகிறார்கள், நாமும் செய்வோம் என்றார். என் மனத்தில் இருந்தது மூன்றாவது: பெரும்பாலான நாள்களில் பேசிக்கொண்டே ஓடும் அளவுக்கு மெதுவாக, ஒரே ஒரு நாள் கடினமாக. இதைச் சொன்னதும் முணுமுணுப்பு எழுந்தது. "மெதுவாக ஓடுவதற்கு ஒரு வாத்தியார் எதற்கு?" என்று கடைசி லயத்து அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. அன்று என்னிடம் பாதிப் பதில்தான் இருந்தது. அதன்பின் தேடிப் படித்ததையும், எங்கள் செம்மண் பாதையில் பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே மாதிரி ஊர்களில் பிள்ளைகளை ஓட வைக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு சிறு விளக்கம். வேகம் கூடக் கூட உடம்பில் இரண்டு இடங்களில் திருப்பம் வருகிறது. முதல் எல்லைக்குக் கீழே ஓடுகிறவர் முழு வாக்கியமாகப் பேசலாம். தசை உழைக்கும்போது உண்டாகி இரத்தத்தில் கலக்கும் லாக்டேட்டின் அளவு ஓய்வில் இருப்பதைவிட அதிகம் ஏறாது. இரண்டாம் எல்லையைத் தாண்டினால் உடம்பு லாக்டேட்டை அகற்றுவதைவிட வேகமாக அது சேர்கிறது. வாயில் ஒன்றிரண்டு சொல்தான் வரும், சிறிது நேரத்தில் நிற்க வேண்டியதுதான். நடுவில் உள்ள பகுதி கஷ்டமாக இருக்கும், ஆனால் தாங்கிக்கொள்ளலாம். மேலே சொன்ன மூன்று யோசனைகளும் பயிற்சி நேரத்தை இந்த மூன்று பகுதிகளுக்கும் எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் பிரிகின்றன.

தபாட்டாவிலிருந்து தொடங்குகிறேன். ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாட்டாவும் உடன் ஆய்வாளர்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வு அது. பனித்தரையில் வேகச் சறுக்குப் போட்டியாளர்களுக்கு ஒரு பயிற்சியாளர் கொடுத்துவந்த முறையை அவர்கள் ஆய்வகத்தில் அளந்து பார்த்தார்கள். 20 விநாடி முழு மூச்சு, 10 விநாடி ஓய்வு, இப்படி ஏழெட்டு முறை. ஆறு வாரத்தில் உச்ச ஆக்சிஜன் கொள்ளளவு, அதாவது உடம்பு அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன், எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு 7 மில்லிலிட்டர் கூடியது. ஆக்சிஜன் எட்டாத வேகத்தில் உழைக்கும் திறன் 28 சதவீதம் கூடியது. மறுக்க முடியாத பலன். ஆனால் அவர்கள் செய்தது நிலையாக நிற்கும் சைக்கிளில். சைக்கிளில் காலுக்கு அடி விழுவதில்லை. பதினாறு வயதுப் பிள்ளை தேய்ந்துபோன காலணியுடன் சரளைக்கல் மேல் முழு வேகத்தில் பாய்வது வேறு விஷயம்.

இதே வழியில் இன்னும் வலுவான சான்று நார்வேயின் டிரான்ட்ஹைம் நகரிலிருந்து வருகிறது. யான் ஹெல்கெருட் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில் 40 ஆண்களை நான்கு குழுவாகப் பிரித்து, மொத்த உழைப்பைச் சமமாக வைத்து, வாரத்துக்கு மூன்று முறை என எட்டு வாரம் ஓட வைத்தார்கள். நான்கு நிமிடம் கடினமாக, மூன்று நிமிடம் இலகுவாக, அப்படி நான்கு முறை ஓடிய குழுவுக்கு உச்ச ஆக்சிஜன் கொள்ளளவு 7.2 சதவீதம் கூடியது. மெதுவாக நெடுநேரம் ஓடிய குழுவுக்கும், நடுத்தரக் கடினத்தில் ஓடிய குழுவுக்கும் சொல்லும்படியாக எதுவும் கூடவில்லை. இதை முதன்முதலில் படித்தபோது என் கட்சி தோற்றுவிட்டது என்றே நினைத்தேன்.

பிறகு அந்த எட்டு வாரத்தைப் பற்றி யோசித்தேன். எட்டு வாரத்தில் எது வேகமாக ஏறுகிறது என்பது ஒரு கேள்வி. நான்கு ஆண்டு கழித்து எந்தப் பிள்ளை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் என்பது வேறொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு என் உடம்பே சாட்சி. 1989இல் எனக்குப் பதினேழு வயது. அப்போது என்னைப் பயிற்றுவித்தவர் நல்ல மனிதர், எங்களுக்காகத் தன் சம்பளத்தில் குளுக்கோஸ் வாங்கி வருவார். ஆனால் ஒவ்வொரு மாலையும் கையில் நிறுத்தக் கடிகாரத்துடன் நிற்பார். ஒவ்வொரு மாலையும் நேற்றைய நேரத்தை முறியடிக்க வேண்டும். மூன்று வாரம் முறியடித்தேன். நான்காவது வாரம் முழங்காலுக்குக் கீழே எலும்பை ஒட்டி ஒரு வலி வந்தது, மாடிப்படி இறங்கும்போது கண்ணில் நீர் வரும். மாவட்டப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது காய்ச்சலில் படுத்தேன். அதோடு ஓட்டத்தை விட்டேன். என்னோடு ஓடிய ஆறு பேரில் இருபது வயதுக்குப் பிறகும் ஓடியவர் ஒருவர்தான். அவரும் சோம்பேறி என்று திட்டு வாங்கிக்கொண்டு எப்போதும் கடைசியில் பேசிக்கொண்டே ஓடியவர்.

இரண்டாவது யோசனைக்கு நான் அதிக இடம் தரப்போவதில்லை, அது மோசமானது என்பதால் அன்று. எங்கள் கைக்கு எட்டாதது என்பதால். நார்வேயின் 5,000 மீட்டர் ஓட்டக்காரரும் மருத்துவருமான மாரியஸ் பாக்கென், தன் உடம்பிலேயே ஆயிரக்கணக்கான முறை லாக்டேட் அளந்து உருவாக்கிய முறை அது. இரண்டாம் எல்லைக்குச் சற்றுக் கீழே, ஒரே நாளில் காலையும் மாலையும், இடைவெளி விட்டு ஓடுவது. அதே வழியில் வளர்ந்த யாக்கோப் இங்கெப்ரிக்ட்சென் தோக்கியோ ஒலிம்பிக்கில் 1,500 மீட்டரிலும், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றார். இதன் உயிர் கட்டுப்பாட்டில் இருக்கிறது. காதிலோ விரலிலோ ஒரு துளி இரத்தம் எடுத்து, எல்லையைத் தாண்டுகிறாயா என்று பார்த்து, தாண்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். எங்களிடம் அளக்கும் கருவி இல்லை; இருந்தாலும் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு பட்டை செலவாகும். கருவி இல்லாமல் பதினொரு பிள்ளைகளிடம் "கஷ்டமாக ஓடு, ஆனால் ரொம்பக் கஷ்டமாக வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். முதல் சுற்றில் எல்லாரும் ஒன்றாகப் போவார்கள். இரண்டாவது சுற்றில் ஒருவன் அரையடி முன்னே வைப்பான். மூன்றாவது சுற்றில் அது பந்தயம் ஆகிவிடும். நான் இதை மூன்று முறை முயன்று பார்த்துவிட்டேன்.

மூன்றாவது வழியோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் ஸ்டீபன் சைலர். அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கை போன பாதையைப் படித்தபோதுதான் எனக்கு இந்த முறையில் நம்பிக்கை வந்தது. ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சைலர் அமெரிக்கர். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் உடற்பயிற்சி உடலியங்கியலில் முனைவர் பட்டம் பெற்றவர். தொண்ணூறுகளில் நார்வேக்குக் குடிபெயர்ந்து, தெற்குக் கரையில் கிறிஸ்தியான்சாண்ட் நகரில் இன்று அக்டர் பல்கலைக்கழகமாக இருக்கும் நிறுவனத்தில் சேர்ந்து, அங்கேயே பேராசிரியர் ஆனார். போன புதிதில் காட்டுப் பாதை ஒன்றில் அவர் பார்த்த காட்சியை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். நாட்டின் முன்னணிப் பனிச்சறுக்கு வீராங்கனை ஒருவர் ஓடி வருகிறார். மேடு வந்ததும் ஓட்டத்தை நிறுத்தி நடக்கிறார். மேடு முடிந்ததும் மறுபடி ஓடுகிறார். வலி தாங்கினால்தான் வளர்ச்சி என்று நம்பும் நாட்டிலிருந்து வந்தவருக்கு அது புரியவில்லை. இவ்வளவு பெரிய வீராங்கனை இந்தச் சின்ன மேட்டில் ஏன் நடக்கிறார்?

அந்தக் கேள்விக்கு விடை தேட அவர் எடுத்த வழிதான் என்னைக் கவர்ந்தது. நான்கு பேரை ஆய்வகத்துக்கு அழைத்து எட்டு வாரம் ஓட வைப்பதற்கு முன்னால், வெற்றி பெற்றவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று அவர்களின் பயிற்சிக் குறிப்பேடுகளைத் திறந்து பார்த்தார். 2004இல் அவரும் இன்னோர் ஆய்வாளரும் நார்வேப் படகு வீரர்களின் முப்பது ஆண்டுக் கணக்கை வெளியிட்டார்கள். 1970களில் ஆண்டுக்கு 924 மணி நேரமாக இருந்த பயிற்சி 1990களில் 1,128 மணி நேரமாக வளர்ந்திருந்தது. அதில் மெதுவான பயிற்சி மாதத்துக்கு 30 மணியிலிருந்து 50 மணிக்கு ஏறியிருந்தது. பந்தய வேகத்திலும் அதற்கு மேலும் செய்த பயிற்சியோ 23 மணியிலிருந்து 7 மணிக்கு இறங்கியிருந்தது. கடினத்தைக் குறைத்துக்கொண்டே வந்த அதே காலத்தில் வீரர்களின் ஆக்சிஜன் கொள்ளளவு கூடியிருந்தது.

2006இல் வந்த ஆய்வில் இளம் பனிச்சறுக்கு வீரர்கள் சிலரின் ஒவ்வொரு பயிற்சியையும் 32 நாள் தொடர்ந்து பதிவு செய்தார்கள். நூற்றுக்கு எழுபத்தைந்து பயிற்சிகள் முதல் எல்லைக்குக் கீழே. எட்டு மட்டும் நடுப்பகுதியில். பதினேழு கடினப் பகுதியில். நூற்றுக்கு எண்பது மெதுவாக, இருபது கடினமாக, அதாவது எண்பதுக்கு இருபது என்று இன்று உலகம் முழுவதும் சொல்லப்படும் பேச்சுக்குப் பின்னால் இந்த மாதிரிக் கணக்குகள்தான் இருக்கின்றன. இங்கே பலரும் வழுக்கி விழும் ஓர் இடம் உண்டு: இது பயிற்சிகளின் எண்ணிக்கை, நிமிடக் கணக்கு இல்லை. ஒரு கடினமான மாலையில் உடம்பைச் சூடேற்றவும் ஆற்றவும் போகும் நேரத்தைக் கழித்தால், உண்மையில் கடினமாக ஓடிய நேரம் மிகக் குறைவாகவே இருக்கும்.

இதைக் கேட்டதும் அந்தப் பல்கலைக்கழக அண்ணன் ஒரு மறுப்புச் சொன்னார். சாம்பியன்கள் அப்படி ஓடுகிறார்கள் என்பதால் அதனால்தான் சாம்பியன் ஆனார்கள் என்று எப்படிச் சொல்வது? நல்ல மறுப்பு. அதற்குத்தான் ஸ்பெயினில் எஸ்தேவே-லனாவோ குழுவின் ஆய்வு 2007இல் வந்தது. சைலரும் அதில் ஒருவர். 12 ஓட்டக்காரர்கள், ஐந்து மாதம். இரண்டு குழுவுக்கும் மொத்தச் சுமை ஏறத்தாழ ஒன்றே. ஒரு குழு நூற்றுக்கு 80 பங்கு மெதுவாக ஓடியது. இன்னொரு குழு 67 பங்கு மட்டும் மெதுவாக ஓடி, அங்கே குறைத்ததை நடுப்பகுதியில் போட்டது. பத்தரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த பந்தயத்தில் முதல் குழு சராசரி 157 விநாடி முன்னேறியது, இரண்டாவது 121 விநாடிக்குச் சற்று மேல். ஆறு ஆறு பேர்தான் என்பதை மறக்கக்கூடாது. ஆனால் எட்டு வாரத்தைவிட ஐந்து மாதம் என் பிள்ளைகளின் வாழ்க்கைக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

எனக்கு மிகப் பெரிய ஒளி கொடுத்தது அதே 2007இல் சைலர் வெளியிட்ட இன்னோர் ஆய்வு. பயிற்சி முடிந்தபின் இதயத்தைக் கட்டுப்படுத்தும் நரம்புகள் எவ்வளவு விரைவில் பழைய நிலைக்குத் திரும்புகின்றன என்று அதில் அளந்தார்கள். நன்கு பயின்றவர்கள் முதல் எல்லைக்குக் கீழே இரண்டு மணி நேரம் ஓடியபோதும் சில நிமிடங்களில் சீராகிவிட்டார்கள். அந்த எல்லையைத் தாண்டி நடுப்பகுதியில் அரை மணி நேரம் ஓடியபோது மீட்சி தாமதமானது. மிகக் கடினமான இடைவெளிப் பயிற்சிக்குப் பின்னும் அதே அளவு தாமதம்தான். நடுவில் ஓடினாலும் உச்சத்தில் ஓடினாலும் உடம்பு கிட்டத்தட்ட ஒரே விலையைக் கேட்கிறது. 1989இல் நான் ஒவ்வொரு மாலையும் கொடுத்த விலை அது. நாற்பது வயதுக்கு மேல்தான் அதற்குப் பெயர் தெரிந்தது.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். நார்வேயின் எண்களை அப்படியே சுங்கை சிப்புட்டுக்குக் கொண்டுவர முடியாது. மாலை ஐந்தரைக்கு இங்கே 31, 32 பாகை. மழை பெய்து ஓய்ந்த மாலை என்றால் காற்று ஈரத்துணி மாதிரி முகத்தில் ஒட்டும். வியர்வை ஆவியாகப் போனால்தான் உடம்பு குளிரும். இங்கே அது சொட்டுகிறது, போவதில்லை. தோலைக் குளிர்விக்க இரத்தம் வெளிப்பக்கம் திருப்பிவிடப்படுகிறது, தசைக்கும் இரத்தம் வேண்டும், இரண்டுக்கும் ஈடுகொடுக்க இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. நானே ஒரே பாதையில் ஒரே வேகத்தில் ஓடிப் பார்த்தேன். ஞாயிறு காலை என் கைக்கடிகாரம் 142 காட்டியது, புதன் மாலை 156. ஞாயிற்றுக்கிழமை மெதுவோட்டமாக இருந்த வேகம் புதன்கிழமை நடுப்பகுதிக்குள் போய்விடுகிறது.

ஆகவே "கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடத்தில் ஓடு" என்று வேகத்தைச் சொல்லி மெதுவோட்டம் கொடுப்பது இங்கே பிழை. அளவுகோல் மூச்சாக இருக்க வேண்டும். பதினொரு பேருக்கும் துடிப்பு காட்டும் கடிகாரம் வாங்க எங்களிடம் பணம் இல்லை. நாங்கள் வைத்திருப்பது ஏழாம் வாய்பாடு. ஓடிக்கொண்டே ஓரேழ் ஏழு என்று தொடங்கி எழுபது வரை திக்காமல் சொல்ல வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம், நடக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் ஆகையால் யாருக்கும் வாய்பாட்டில் தடுமாற்றம் இல்லை, தடுமாறினால் அது மூச்சுதான்.

தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னால் ஒரு மேடு இருக்கிறது. செம்பனைக்கு நடுவே லாரித் தடம் ஆழமாகப் பதிந்த செம்மண் பாதை, இருநூறு மீட்டர் இருக்கும். அந்த மேட்டில் எல்லாரும் நடக்க வேண்டும் என்பது என் கட்டளை. கடைசி லயத்து அக்காவின் மகள், படிவம் நான்கில் படிப்பவள், எங்களில் மிகத் திறமையானவள். முதல் நாள் அவள் அந்த மேட்டில் நடந்துகொண்டிருந்தபோது குலை வெட்டுகிற அண்ணன் ஒருவர் மோட்டார் சைக்கிளில் கடந்தார். "என்ன தங்கச்சி, அதற்குள் களைத்துவிட்டாயா?" என்று அன்பாகத்தான் கேட்டார். அவள் முகம் வாடிவிட்டது. அடுத்த முறை தொலைவில் மோட்டார் சத்தம் கேட்டதுமே ஓட ஆரம்பித்தாள். மேட்டு உச்சியில் வாய்பாடு கேட்டேன். அய்யேழ் முப்பத்தைந்தில் நின்றுவிட்டது. இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்றாள், முழங்கையிலிருந்து வியர்வை செம்மண்ணில் சொட்டிக் கரும்புள்ளிகளாக விழுந்தது. நார்வேயில் ஒரு தேசிய வீராங்கனை இதே மாதிரி மேட்டில் நடந்த கதையை அன்றுதான் அவளுக்குச் சொன்னேன். அதன்பின் அவள் மேட்டில் நடப்பதற்கு வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

என் பாட்டி இதே வட்டாரத்தில் ரப்பர் மரத்தில் பால்வெட்டியவர். விடியுமுன் நிரையில் இறங்கி, மரத்துக்கு மரம் நடந்து, மறுபடி பால் எடுக்க நடந்து, வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்து வருவார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. எழுபது வயதில் பத்துமலைப் படிகளை நிற்காமல் ஏறினார். அவருடைய இதயம் எதனால் அப்படி இருந்தது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். மெதுவான நெடுநேர உழைப்பில் தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, எரிசக்தி உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுகின்றன, கொழுப்பை எரிக்கும் பழக்கம் உடம்புக்கு வருகிறது. 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் கோ. சரவணன் 50 கிலோமீட்டர் வேகநடையில் தங்கம் வென்றபோது, வேகம்தான் நம் பிள்ளைகளுக்கு வரும் என்று பேசிக்கொண்டிருந்த எங்கள் ஊர்க் கடையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தாங்குதிறன் நமக்குப் புதிதில்லை.

இவ்வளவு சொன்னாலும், எண்பதுக்கு இருபதை வேதமாகப் பிடித்துக்கொள்ள நான் தயாராக இல்லை. அந்தக் கணக்கு வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முறை பயிற்சி செய்பவர்களுடையது. எங்களுக்கு நான்கே முறை. ஸ்பெயினில் 30 பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களைப் பத்து வாரம் பார்த்த ஆய்வு 2014இல் வந்தது. இருமுனைப் பயிற்சி (பெரும்பாலும் மெதுவாக, கொஞ்சம் மிகக் கடினமாக, நடுப்பகுதியில் மிகக் குறைவாக) செய்தவர்கள் 10 கிலோமீட்டரில் 5 சதவீதமும், நடுப்பகுதியில் அதிகம் ஓடியவர்கள் 3.6 சதவீதமும் முன்னேறினார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு புள்ளியியல் கணக்கில் நிற்கவில்லை. குறைந்த நேரம் ஓடுகிறவர்களுக்கு நடுப்பகுதி அவ்வளவு பெரிய பாவமில்லை என்றே இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

ஆகவே நாங்கள் எடுத்த முடிவு இது. செவ்வாய் மாலை நாற்பது நிமிடம் வாய்பாட்டு ஓட்டம். வியாழன் கடினமான நாள். வெள்ளி ஓய்வு. சனிக்கிழமை அரை மணி நேரம் இலகுவாக, முடிவில் எண்பது மீட்டர் அழகாகப் பாயும் ஓட்டம் நான்கு. ஞாயிறு காலை ஏழேகாலுக்குத் தொடங்கி எழுபது நிமிடம், மேட்டில் நடை, திரும்பி வந்ததும் எல்லாருக்கும் மைலோவும் வேகவைத்த கடலையும். நான்கில் ஒன்று கடினம், நூற்றுக்கு இருபத்தைந்து.

வியாழக்கிழமை என்ன கொடுப்பது என்பதிலும் சைலரிடமிருந்தே கற்றேன். மெதுவோட்டக்காரர் என்று அவரை நினைப்பவர்கள் அவருடைய இடைவெளிப் பயிற்சி ஆய்வைப் படிப்பதில்லை. பொழுதுபோக்குச் சைக்கிள்காரர்களை ஏழு வாரம் மூன்று விதமாக ஓட்ட வைத்தார்: நான்கு நிமிடம் நான்கு முறை, எட்டு நிமிடம் நான்கு முறை, பதினாறு நிமிடம் நான்கு முறை. அதிகம் முன்னேறியவர்கள் எட்டு நிமிடக்காரர்கள். இதயத் துடிப்பு உச்சத்தில் சுமார் 90 சதவீதத்தில், உச்ச வேதனைக்கு ஒரு படி கீழே, ஆனால் மொத்தம் 32 நிமிடம் அந்த நிலையில் இருந்ததால் பலன் கூடியது. எங்கள் வெயிலுக்கும் வயதுக்கும் 32 நிமிடம் அதிகம். ஐந்து நிமிடம் நான்கு முறை என்று தொடங்கியிருக்கிறோம், நடுவில் மூன்று நிமிடம் நடை, தலையில் தண்ணீர். கடைசி ஐந்து நிமிடமும் முதல் ஐந்து நிமிடமும் ஒரே தூரம் வர வேண்டும் என்பது மட்டும்தான் விதி. ஜிம் வேலை செய்யும் அப்பாவே அந்த நாளை நடத்துகிறார். அவருடைய உற்சாகம் அந்த நாளுக்கு வேண்டும். போட்டிக்கு ஆறு வாரம் இருக்கும்போது, சனிக்கிழமை ஓட்டத்தின் நடுவே பதினைந்து நிமிடத்தை நடுப்பகுதிக்குக் கொடுப்போம். அது பல்கலைக்கழக அண்ணனின் பங்கு. பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ள இரண்டு பேருக்கு வியாழனும் விளையாட்டுதான், கடிகாரம் கிடையாது.

வேறு நிலையில் இருப்பவர்களுக்கு நான் வேறு பதில் சொல்வேன். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்துவிட்டு வாரத்துக்கு மூன்று அரை மணி நேரம் மட்டும் கிடைக்கும் முப்பது வயதுக்காரர், மருத்துவரிடம் இதயத்தைக் காட்டிவிட்டு ஹெல்கெருட்டின் நான்கு நிமிட முறையை எடுக்கட்டும். அந்த நேரத்துக்கு அதுவே அதிகம் கொடுக்கும். மாநில அணிக்குத் தேர்வாகி, தினமும் அளந்து பார்க்கப் பயிற்சியாளரும் கருவியும் இருக்கிற இருபது வயது இளைஞர் பாக்கென் வழியைத் தாராளமாக முயலலாம். லயத்துப் பிள்ளைகளுக்கு, மதியம் சோறும் ரசமும் ஒரு முட்டையும் சாப்பிட்டுவிட்டு மாலை ஓட வருகிறவர்களுக்கு, மூன்று நாள் கடினம் என்பது உடம்பிலிருந்து கடன் வாங்குவது. அதைத் திருப்பிக் கட்ட அவர்கள் தட்டில் இருப்பது போதாது. எனக்கு முடிவைத் தீர்த்துவைத்த காரணம் கடைசியில் இதுதான்.

கடைசி லயத்து அக்காவுக்கு இதையெல்லாம் ஒரு மாலை அவர் வீட்டு முன்வாசலில் உட்கார்ந்து சொன்னேன். கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தார். "அப்படியென்றால் வாத்தியார் வேலை, ஓட வைப்பது இல்லை, ஓடவிடாமல் பிடித்து வைப்பது" என்றார். மகள் உள்ளேயிருந்து கேட்டாள்: "சார், இப்படி மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துப் பார்த்துக் கணக்கு எழுதுவதே ஒரு வேலையா? அதற்குச் சம்பளம் கொடுப்பார்களா?" கொடுப்பார்கள் என்றேன். கிளந்தானில் கூபாங் கிரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்திலும், மலாயாப் பல்கலைக்கழகத்திலும், இங்கிருந்து தெற்கே தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும் விளையாட்டு அறிவியல் படிக்கலாம். உயிரியலும் கணக்கும் நன்றாக வர வேண்டும். முனைவர் பட்டம் வரை போனால் பத்தாண்டு ஆகும். நடுவில் பணம் குறையும் ஆண்டுகள் வரும் என்றும் மறைக்காமல் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த செவ்வாய் ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்துடன் திடலுக்கு வந்தாள். பின்பக்கத்திலிருந்து கோடு போட்டிருந்தாள். பதினொரு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காலையில் எழுந்ததும் கழுத்தில் விரல் வைத்து எண்ணிய துடிப்பு, தூங்கிய மணி நேரம், வாய்பாடு எதுவரை வந்தது. தம்பி ஒருவனுக்கு எதிரே மட்டும் 58, 60, 59 என்று வந்துகொண்டிருந்த வரிசையில் அன்று 71 என்று இருந்தது. அவனை அழைத்துக் கேட்டேன். முதல் நாள் இரவு தங்கைக்குக் காய்ச்சல், வீட்டில் யாரும் தூங்கவில்லை. அன்று அவனை ஓட விடவில்லை. தண்ணீர்த் தோம்பின் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்களின் வாய்பாட்டைக் குறித்துக் கொடுத்தான்.